ரஷ்ய மொழியில் எழுதும்போது வரும் பிழைகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ரஷ்யாவில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளும், சென்னை கஸ்தூரி ரங்கா சாலை ரஷ்யப் பண்பாட்டு மையத்தில் மொழி கற்றவர்களும், ரஷ்ய நிறுவனங்களோடு வேலை பார்ப்பவர்களும் டெலிகிராமிலும் மின்னஞ்சலிலும் எழுதியதை, அனுப்பும் முன் என்னிடம் காட்டுவது வழக்கம். ஆள் மாறினாலும் பிழை மாறுவதில்லை. அதனால் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். இலக்கணப் பாடம் நடத்தப் போவதில்லை. உங்கள் எழுத்தில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் எளிதில் தீரும் காரணம் முதலில் வரும், நேரமோ காசோ கேட்கும் காரணம் கடைசியில் வரும்.

தொடங்கும் முன் இரண்டு ஏற்பாடு. தமிழில் ஒரே 'ப' இரண்டு ஒலி தருகிறது, ரஷ்யத்தில் அவற்றுக்குத் தனித்தனி எழுத்து. 'பம்பரம்' என்ற சொல்லில் முதலில் வருவதை 'வல்லொலி ப' என்றும், நடுவில் வருவதை 'மெல்லொலி ப' என்றும் சொல்கிறேன். 'தந்தை'யின் இரண்டு த, 'கங்கு'வின் இரண்டு க ஆகியவற்றுக்கும் அப்படியே. தனக்கென்று ஒலி இல்லாமல் முன்னெழுத்தை மென்மையாக்கும் ரஷ்ய எழுத்தை 'மென்குறி' என்கிறேன்.

## அறிகுறி: தட்டியது ஒன்று, திரையில் வருவது வேறு

சொல் முழுவதும் பொருளில்லாத ஆங்கில எழுத்தாக இருக்கிறது. விசைப்பலகை இன்னும் ஆங்கிலத்திலேயே நிற்கிறது, அவ்வளவுதான். ரஷ்யர்களுக்கே தினமும் நடப்பது. விண்டோஸில் ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தி மாற்றிப் பாருங்கள். அடிக்கடி நடந்தால் புன்டோ ஸ்விட்சர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எந்த மொழியில் தட்ட நினைத்தீர்கள் என்று ஊகித்து அதுவே மாற்றிவிடும்.

வாக்கியக் கடைசியில் 'யூ' எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, நடுவில் மெல்லொலி ப வந்து நிற்கிறது. ஆங்கிலப் பலகையில் முற்றுப்புள்ளி இருக்கும் விசை ரஷ்யப் பலகையில் 'யூ'. கமா இருக்கும் விசை மெல்லொலி ப. கை பழைய இடத்துக்கே போகிறது. ரஷ்யப் பலகையில் முற்றுப்புள்ளி, வலது ஷிஃப்டுக்குப் பக்கத்தில் சாய்கோடு இருக்கும் விசை. அதையே ஷிஃப்டோடு அழுத்தினால் கமா. கேள்விக்குறி ஷிஃப்டும் 7-ம், முக்காற்புள்ளி ஷிஃப்டும் 6-ம். இந்த நான்கையும் ஒரு சீட்டில் எழுதித் திரை ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். மேக் கணினியாக இருந்தால் அமைப்புகளில் 'ரஷ்யன் – பிசி' என்ற பலகையைத் தேர்ந்தெடுங்கள்.

சொல் சரியாகவே தெரிகிறது, ஆனால் சிவப்புக் கோடு போகவில்லை. இதில்தான் பலர் மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தின் சிறிய ஏ, இ, ஓ, சி, பி, எக்ஸ் ஆகிய ஆறும் ரஷ்ய எழுத்துகள் ஆறோடு பார்வைக்கு அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. சொல்லுக்குள் ஒரே ஒரு ஆங்கில எழுத்து புகுந்தாலும் பிழைதிருத்தி கத்தும், தேடினால் கிடைக்காது. சொல்லை முழுவதும் அழித்து, பலகை ரஷ்யத்தில் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, மறுபடி தட்டுங்கள். கோடு போய்விட்டால் அதுதான் காரணம். இணையப் படிவங்களில் பெயர், முகவரி எழுதும்போது இதைக் கட்டாயம் பாருங்கள்.

'யோ' எழுத்தின் இரண்டு புள்ளிகள் இல்லை. இது பிழையே இல்லை. 1956-ல் வந்த அதிகாரபூர்வ எழுத்து விதிகளே, குழப்பம் வரும் இடத்திலும் அதிகம் தெரியாத சொற்களிலும் மட்டும் புள்ளி போதும் என்கின்றன. 'எல்லாரும்', 'எல்லாம்' என்ற இரண்டு ரஷ்யச் சொற்களுக்கும் இடையே அந்தப் புள்ளிகள் மட்டுமே வித்தியாசம், அங்கே போடுங்கள். கைபேசியில் 'யெ' எழுத்தை அழுத்திப் பிடித்தால் வரும்.

## அறிகுறி: 'ஒ' வர வேண்டிய இடத்தில் 'அ', 'யெ' இடத்தில் 'இ'

அழுத்தம் விழாத 'ஒ' ரஷ்யப் பேச்சில் 'அ'வாகிவிடும். காதில் விழுந்ததை எழுதினால் பிழை.

முதல் சோதனை: சொல்லைக் கொஞ்சம் அசைத்து, சந்தேகமான உயிரின்மேல் அழுத்தம் விழும் இன்னொரு வடிவத்தைத் தேடுங்கள். தண்ணீர் 'வதா' என்று ஒலிக்கும். பன்மை 'வோதி'. அழுத்தம் விழுந்ததும் உண்மையான எழுத்து வெளியே வந்துவிட்டது, ஆக ஒருமையிலும் 'ஒ'தான். 'மன்னியுங்கள்' என்பதை ரஷ்ய இளைஞர்களே தப்பாக 'யெ' போட்டு எழுதுவார்கள். அதன் வேர் 'குற்றம்' என்ற சொல், 'வினா' (நம் கேள்வி வினா வேறு). அதன் பன்மை 'வீனி', அழுத்தம் 'ஈ'யில் விழுகிறது. எனவே 'இ'.

சோதனை செய்தும் தப்பு வருகிறதா? சோதனைச் சொல் தவறாக இருக்கலாம். 'தாமதமாக வருதல்' என்ற வினை நல்ல உதாரணம். அதற்கு இரண்டு வடிவம்: ஒருமுறை முடிந்த செயலுக்கு ஒன்று, வழக்கமாக நடப்பதற்கு ஒன்று. இரண்டாவதில் 'ஆ' அழுத்தமாகக் கேட்கும். அதை வைத்து முதல் வடிவத்திலும் 'அ' எழுதிவிடுகிறார்கள். அங்கே வர வேண்டியது 'ஒ', ஏனென்றால் வேர் 'போஸ்னா', அதாவது 'தாமதமாக'. இந்த வினை ஜோடிகளில் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சோதிக்கவே கூடாது.

எந்த வடிவத்திலும் அழுத்தம் விழாத சொற்களும் உண்டு. நாய் ('சபாகா'), பசு ('கரோவா') இரண்டிலும் முதல் உயிர் 'ஒ'. எப்படி அசைத்தாலும் வெளியே வராது. ரஷ்யப் பள்ளிகளில் இவற்றை 'அகராதிச் சொற்கள்' என்று பட்டியல் போட்டுக் குழந்தைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். நமக்கும் அதே வழிதான். அந்தத் தொடக்கப்பள்ளிப் பட்டியலைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள், பெரியவர்களுக்கும் அது பொன்.

## அறிகுறி: ப, த, க மூன்றிலும் வல்லொலியும் மெல்லொலியும் மாறிப் போகின்றன

இது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய கோளாறு. வீடும் ('தோம்', மெல்லொலி த) நூலின் ஒரு தொகுதியும் ('தோம்', வல்லொலி த) தமிழில் எழுதினால் ஒன்றுபோலவே இருக்கும். ரஷ்யத்தில் வேறு வேறு சொற்கள்.

காரணம் பெரும்பாலும் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. முதல் மாதத்தில் ரஷ்யச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து மனப்பாடம் செய்வோம். அந்த வடிவம் மனத்தில் உட்கார்ந்துவிட்டால், ஒரு வருடம் கழித்தும் எது எந்த ஒலி என்று கை தடுமாறும். இந்தக் கட்டுரையில் நான் தமிழில் எழுதுவது ஒலியைச் சுட்டத்தான். உங்கள் நோட்டில் முதல் நாளிலிருந்தே ரஷ்ய எழுத்தை மட்டும் எழுதுங்கள். பழைய நோட்டு இருந்தால் ஒரு விடுமுறை நாள் உட்கார்ந்து முழுவதையும் ரஷ்ய எழுத்தில் படியெடுத்துவிடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்தவர்களிடம் இந்தப் பிழை குறைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

பிழை சொல்லின் கடைசி எழுத்தில் மட்டும் வருகிறது என்றால் தப்பு உங்கள் காதில் இல்லை. சொல்லின் முடிவில் ரஷ்யர்களே மெல்லொலியை வல்லொலியாக்கித்தான் பேசுகிறார்கள். குளத்துக்கும் குச்சிக்கும் உரிய இரண்டு சொற்களும் 'ப்ரூத்' என்று ஒரே மாதிரி கேட்கும். இங்கேயும் சொல்லை அசைக்க வேண்டும். பன்மையில் ஓர் உயிர் வந்து சேரும்போது குளத்தில் மெல்லொலி த தெளிவாகக் கேட்கும், குச்சியில் வல்லொலி த. வருடம், பல், ரொட்டி எல்லாவற்றிலும் இதே சோதனை செல்லும்.

## அறிகுறி: பேச்சில் இல்லாத எழுத்து விட்டுப்போகிறது

வணக்கத்துக்கான நீளச் சொல்லில் ('ஸ்த்ராஸ்த்வுய்த்தியெ') முதல் 'வ' ஒலிக்காது, எழுத வேண்டும். சூரியனில் 'ல்' ஒலிக்காது. 'தயவுசெய்து'வில் 'ய்' ஒலிக்காது. 'என்ன' என்பதும் 'நிச்சயமாக' என்பதும் 'ஷ்' என்று ஒலித்தாலும் 'ச்' எழுத்தால்தான் எழுதப்படும். ஓர் இருபது சொல் இருக்கும். ஒரு தாளில் எழுதிப் படித்துவிட்டால் தீர்ந்தது.

பெயரடைகளின் வேற்றுமை முடிவு 'ஓவா' என்று கேட்டால் அங்கே மெல்லொலி க எழுதுங்கள். 'இன்று' என்ற சொல்லிலும் அப்படியே. அப்புறம், 'ஷ', 'ழ்ஷ' போன்ற ஒலிகளுக்குப் பின்னால் நாக்கைப் பின்னிழுத்துச் சொல்லும் 'இ' கேட்டாலும், சாதாரண 'இ' எழுத்துதான் எழுத வேண்டும். ரஷ்யக் குழந்தைகள் ஒன்றாம் வகுப்பில் பாட்டாகச் சொல்லும் விதி இது.

## அறிகுறி: 'த்ஸா' என்று முடியும் வினையில் மென்குறி போடுவதா, விடுவதா

ரஷ்ய இணையத்தில் அதிகம் சண்டை வரும் பிழை இதுதான். பிழைதிருத்தியை நம்ப முடியாது, ஏனென்றால் இரண்டு வடிவமும் உண்மையான சொற்கள்.

தமிழர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அந்த வினை 'பிடிக்க', 'படிக்க' என்று எச்சமாக வந்தால் மென்குறி போடுங்கள். 'பிடிக்கிறது', 'படிக்கிறான்' என்று முற்றாக வந்தால் போடாதீர்கள். 'எனக்கு இந்த ஊர் பிடிக்கிறது': மென்குறி இல்லை. 'அவன் படிக்க விரும்புகிறான்', 'நான் படிக்க வேண்டும்': மென்குறி உண்டு.

குறுக்குவழி இரண்டு இடத்தில் கைவிடும். ஒன்று, 'பூதித்' என்ற துணைவினையோடு வரும் எதிர்காலம். தமிழில் 'படிப்பான்' என்று முற்றாக வரும், ரஷ்யத்தில் மென்குறி வேண்டும். இரண்டு, 'படிப்பது கடினம்' போன்ற வாக்கியங்கள், அங்கேயும் மென்குறி வேண்டும். சந்தேகம் தீரவில்லையா? ரஷ்யப் பள்ளிச் சோதனைக்குப் போங்கள். வினையிடம் 'என்ன செய்கிறான்?' என்று ரஷ்யத்தில் கேளுங்கள், பிறகு 'என்ன செய்ய?' என்று கேளுங்கள். எந்தக் கேள்வி பொருந்துகிறதோ அதன் கடைசியைப் பாருங்கள். கேள்வியில் மென்குறி இருந்தால் பதிலிலும் இருக்கும்.

## அறிகுறி: சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று தெரியவில்லை

'இல்லை' பொருள் தரும் 'நியெ' வினையோடு வந்தால் பிரித்தே எழுதுங்கள். அது இல்லாமல் தனியாக வாழாத 'வெறுத்தல்' போன்ற சில வினைகளில் மட்டும் சேரும். 'ஏனென்றால்' பொருள் தரும் இரண்டு சொல்லையும் 'போல' பொருள் தரும் இரண்டு சொல்லையும் பலர் சிறுகோட்டால் இணைக்கிறார்கள். கோடு வேண்டாம், இடைவெளி போதும். சிறுகோடு 'யாரோ', 'எதுவோ', 'எங்கேயாவது' வகைச் சொற்களுக்கு உரியது.

'ஷ்தோபி' சேர்த்தா பிரித்தா? 'பி'யை எடுத்துவிட்டுப் படியுங்கள். வாக்கியம் அப்போதும் நின்றால் பிரித்து எழுதுங்கள், சரிந்தால் சேர்த்து எழுதுங்கள்.

## அறிகுறி: 'கமா எங்கே?' என்று கேட்கிறார்கள்

வணக்கத்தில். யாரையாவது பெயர் சொல்லி அழைத்தால் அந்தப் பெயரைக் கமா பிரிக்க வேண்டும். 'ப்ரிவ்யெத்' என்று எழுதி, கமா போட்டு, அப்புறம் பெயர். மின்னஞ்சலின் முதல் வரியிலேயே இது இல்லையென்றால் ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள்.

'என்று', 'எது', 'ஆக', 'ஏனென்றால்' பொருள் தரும் இணைப்புச் சொற்களுக்கு முன். நாம் ஆங்கிலம் வழியாக ரஷ்யம் கற்றவர்கள். 'எனக்குத் தெரியும் என்று' தொடங்கும் ஆங்கில வாக்கியத்தில் கமா வராது, ரஷ்யத்தில் வந்தே தீரும். சோதனை: முற்று வினைகளை எண்ணுங்கள். தனித்தனி எழுவாயோடு இரண்டு வினை இருந்தால் அவற்றுக்கு இடையில் எல்லை இருக்கிறது, அந்த எல்லையில் கமா. 'எது' பொருள் தரும் 'கத்தோரி' என்ற சொல்லுக்கு முன் ஒரு முன்னிடைச்சொல் நின்றால் கமா அதற்கும் முன்னால் போகும்.

'படித்துவிட்டு', 'வந்து' போன்ற எச்சத்தொடரில். நம் வினையெச்சத்துக்கு நிகரான வடிவம் ரஷ்யத்தில் உண்டு. அது தலைமையேற்கும் தொடர் முழுவதையும் கமாவால் பிரிக்க வேண்டும். கூடவே ஒன்றைப் பாருங்கள்: எச்சத்துக்கும் முற்றுக்கும் செய்பவர் ஒருவராக இருக்க வேண்டும். 'மழை பெய்து பயிர் விளைந்தது' என்று தமிழில் சொல்லலாம், ரஷ்யத்தில் அந்த வடிவத்தை அப்படிப் பயன்படுத்தினால் சிரிப்பார்கள்.

## அறிகுறி: கமா அதிகமாகிவிட்டது

பெரும்பாலும் ஆங்கிலப் பழக்கம். 'திங்கட்கிழமை', 'நேற்று மாலை மாஸ்கோவில்' என்று தொடங்கிவிட்டுக் கமா போடுகிறார்கள். ரஷ்யத்தில் காலம், இடம் காட்டும் தொடக்கத்துக்குப் பின் கமா கிடையாது. பட்டியலில் கடைசி 'மற்றும்'முக்கு முன்னும் கிடையாது. ஒரே ஆள் இரண்டு செயல் செய்து, நடுவில் 'மற்றும்' பொருள் தரும் ஒரே ஓர் 'இ' இணைத்தால் கிடையாது. ஆள் மாறினால் உண்டு.

'அத்நாகா' வாக்கியத்தின் தொடக்கத்தில் 'ஆனால்' என்ற பொருளில் வந்தால் பின்னால் கமா வேண்டாம். வாக்கியத்தின் நடுவில் தனியே செருகப்பட்டால் இரு பக்கமும் வேண்டும். 'ஏறக்குறைய', 'திடீரென', 'உண்மையிலேயே சொல்லுக்குச் சொல்' என்ற பொருள் தரும் சொற்களைச் சுற்றியும் கமா தேவையில்லை. மூச்சு நிற்கும் இடத்திலெல்லாம் கமா என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிட்டால் பாதிப் பிழை போய்விடும்.

## அறிகுறி: பிழை இல்லை, ஆனாலும் வெளிநாட்டுக்காரர் எழுதியது என்று பார்த்ததும் தெரிகிறது

முதலில் பெரிய எழுத்துகள். கிழமை, மாதம், மொழி, நாட்டினத்தார் பெயர் எல்லாம் ரஷ்யத்தில் சிறிய எழுத்து. தலைப்பிலும் முதல் சொல்லுக்கு மட்டுமே பெரிய எழுத்து. ஒரே ஒருவரை மரியாதையாக 'நீங்கள்' என்று கடிதத்தில் விளிக்கும்போது அதைப் பெரிய எழுத்தில் தொடங்கலாம். பலரை விளித்தால் சிறிய எழுத்துதான்.

அடுத்து எண்கள். இது பணம் சம்பந்தப்பட்டது, கவனியுங்கள். ரஷ்யத்தில் தசமத்துக்குக் கமா. நீங்கள் '1,500 ரூபிள்' என்று எழுதினால், ஒன்றரை ரூபிள் என்று படிக்க இடமிருக்கிறது. '1500' என்று எழுதுங்கள். பெரிய தொகையாக இருந்தால் இடைவெளி விட்டு '150 000'. நம் லட்சக் கமா அங்கே யாருக்கும் புரியாது.

மேற்கோள் குறி: வெளியே கோண வடிவம், உள்ளே இன்னொன்று தேவைப்பட்டால் வளைந்த வடிவம். விண்டோஸில் ஆல்டை அழுத்தியபடி எண்பலகையில் 0171, 0187. முற்றுப்புள்ளியும் கமாவும் மூடும் குறிக்கு வெளியே நிற்கும்.

நெடுங்கோட்டைத்தான் அதிகம் விட்டுவிடுகிறார்கள். 'என் அண்ணன் மருத்துவர்' என்று தமிழில் நடுவில் வினை இல்லாமல் சொல்கிறோம், ரஷ்யத்திலும் அப்படியே. ஆனால் இரண்டு பக்கமும் பெயர்ச்சொல் இருந்தால் நடுவில் நெடுங்கோடு போட வேண்டும், இரு புறமும் இடைவெளியோடு. 'அவன் மாணவன்' போல எழுவாய் 'அவன்', 'நான்' ஆக இருந்தால் பொதுவாகக் கோடு வேண்டாம். ஆல்டும் 0151-ம், கைபேசியில் சிறுகோட்டை அழுத்திப் பிடித்தால் கிடைக்கும்.

## அறிகுறி: 'கோபமா?' என்று திருப்பிக் கேட்கிறார்கள்

அரட்டையில் ஒவ்வொரு குறுஞ்செய்தியும் முற்றுப்புள்ளியோடு முடிந்தால் பலருக்கு அது விறைப்பாகப் படும். ரஷ்யர்கள் அந்த இடத்தில் மூடும் பிறை அடைப்பு ஒன்றை மட்டும் போடுவார்கள். கண்ணுக்கான இரண்டு புள்ளி இல்லாத புன்னகை அது. இரண்டு மூன்று போட்டால் சிரிப்பு கூடுகிறது. நண்பர்களோடு தாராளமாகப் பயன்படுத்துங்கள். டீன் அலுவலகத்துக்கு எழுதும்போது வேண்டாம்.

2000-களின் நடுவில் ரஷ்ய இணையத்தில் வேண்டுமென்றே காதில் விழுந்தபடி பிழையாக எழுதும் பாணி ஒன்று பரவியிருந்தது. பழைய பக்கங்களில் இன்றும் கண்ணில் படும். அவற்றைப் படித்து எழுத்துக்கூட்டல் கற்க வேண்டாம்.

## எப்போது வெளியாளிடம் போவது

முதலில் செலவில்லாத வழி. 2000-ல் தொடங்கிய கிரமோத்தா இணையதளத்தில் அகராதிகள் ஒரே பெட்டியில் தேடக் கிடைக்கின்றன. தகவல் பிரிவில் கேள்வி கேட்டால் மொழி வல்லுநர்கள் பதில் எழுதுகிறார்கள். புதிதாகக் கேட்கும் முன் பழைய பதில்களில் தேடுங்கள், உங்கள் சந்தேகம் அநேகமாக ஏற்கெனவே தீர்க்கப்பட்டிருக்கும். பிழைக்கு வெட்கப்படவும் தேவையில்லை. 2004-ல் நோவசிபிர்ஸ்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'முழுமைச் சொல்வதெழுதல்' நிகழ்வுக்கு ஆண்டுதோறும் ரஷ்யர்களே ஆர்வத்தோடு வந்து உட்கார்ந்து எழுதுகிறார்கள், பிழையும் விடுகிறார்கள்.

ஆய்வுக் கட்டுரை, விளம்பரம், நிறுவன இணையதளம் என்றால் மெய்ப்புத் திருத்துநரிடம் காசு கொடுத்துக் காட்டுவது நியாயமான செலவு. அவர் எழுத்தையும் குறிகளையும் மட்டும் பார்ப்பார். வாக்கியமே புரியவில்லை என்று ரஷ்ய நண்பர் சொன்னால் அது பதிப்பாசிரியர் வேலை, கட்டணமும் வேறு. முதலில் ஒரு பக்கத்தைக் கொடுத்துத் திருத்தச் சொல்லி, எங்கே ஏன் மாற்றினார் என்று பாருங்கள். ஒவ்வொரு மாதமும் அதே பிழைக்கே காசு கொடுக்கிறீர்கள் என்றால், அந்தத் தொகையை ஓர் ஆசிரியருக்குக் கொடுங்கள்.

நீங்களே கை வைக்கக் கூடாத ஓர் இடம் உண்டு: ஆவணங்களில் உங்கள் பெயர் இரண்டு விதமாக வந்திருந்தால். தமிழ்ப் பெயர்களின் 'ழ', கடவுச்சீட்டில் இரண்டு ஆங்கில எழுத்தாக இருக்கும். ரஷ்ய மொழிபெயர்ப்பாளர் அந்த இரண்டையும் சேர்த்து, 'ஜ'வுக்கு நெருக்கமான தன் எழுத்தாகப் படிப்பது இயல்பு. ஆக ஓர் அன்பழகன் ஓர் ஆவணத்தில் 'அன்பஜகன்' போலவும், இன்னொன்றில் 'அன்பலகன்' போலவும் வந்துவிடுவார். எது நல்ல ஒலிபெயர்ப்பு என்று வாதாடிப் பயனில்லை. நோட்டரி சான்று பெற்ற கடவுச்சீட்டு மொழிபெயர்ப்பில் எப்படி இருக்கிறதோ, மற்ற எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். முதல் ஆண்டிலேயே எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவுக்கும் மொழிபெயர்ப்பாளரிடமும் உடனே போங்கள், பட்டம் அச்சாகும் வரை தள்ளிப்போடாதீர்கள்.